அளவு தெரிய ஓர் ஆள்

அமெரிக்கா வந்த முதல் சில வருடங்களில் என் கணவர் என்னை வைத்து எடுத்த புகைப்படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றில்கூட என் முகம் சரியாகத் தெரியாது. மலைக்கு முன்னால் நிற்கிறேன், பாலத்துக்கு முன்னால் நிற்கிறேன், ராட்சத ரெட்வுட் மரத்துக்கு அடியில் எறும்பு மாதிரி நிற்கிறேன். "எதுக்குங்க நான் அவ்ளோ தூரம் போய் நிக்கணும்?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். "மரம் எவ்ளோ பெருசுன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அளவு தெரிய ஒரு ஆள் வேணும்ல" என்பார். பொறியாளர் இல்லையா. கல்யாணம் செய்துகொண்டது அந்த வகையில் அவருக்கு உபயோகமாகத்தான் இருந்தது.

அப்போது நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் இருந்தோம். அவருக்கு சிப் தயாரிக்கும் இயந்திரங்களை விற்கும் கம்பெனியில் வேலை. அந்தப் படங்களை எடுத்த கேமராவை முதல் போனஸில் வாங்கினார். அதற்கு அலமாரியில் தனித் தட்டு, தனித் தலையணை. ஃப்ரீவேயில் போகும்போது பின் சீட்டில் அதற்கு சீட் பெல்ட் போடுவார். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லையே என்று ஊரில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேமராவுக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

நான் அதைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம்.

எனக்கு இருந்தது புருஷனோடு ஒட்டிக்கொண்டு வரும் விசா. வேலை பார்க்கக் கூடாது, படிக்கலாம். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மாலையில் பெரியவர்களுக்கு நடத்தும் புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பிலேயே ஒரு பழைய கேமராவை இரவல் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த அம்மாள், எனக்கு வெளிச்சத்தைப் பார்க்கத் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். இவரிடம் சொன்னபோது, "என்ன எடுக்கச் சொன்னாங்க, பூனையையா?" என்றார். உங்கள் கேமராவில் ஒரே ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அது ப்ரொஃபஷனல் கேமராம்மா. உனக்குக் கன்ஃப்யூஸ் ஆயிடும்" என்றார். அவரும் ப்ரொஃபஷனல் இல்லை என்பதை அந்தக் கேமராவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் கம்பெனி அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வார வேலை. விமானக் கம்பெனி கணக்கில் இலவச டிக்கெட்டுக்கென்று சேர்த்துவைத்திருந்த மைல்களில் நானும் தொற்றிக்கொண்டேன். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்று மியாஜிமா என்ற தீவுக்குப் போவதென்று அவர் கலிஃபோர்னியாவிலேயே முடிவு செய்திருந்தார். கடலுக்குள் நிற்கும் ஒரு கோயிலின் பெரிய சிவப்பு வாசல், மலை முழுக்கச் சிவந்த மேப்பிள் மரங்கள், ஊருக்குள் உலாவும் மான்கள். எங்கே நின்று எதை எடுக்க வேண்டும் என்பதுவரை படம் போட்டு வைத்திருந்தார். படத்தில் ஒரு குச்சி உருவம் இருந்தது. அது நான்.

ஞாயிறு காலையில், "அந்த ரெட் பட்டுப்புடவையைக் கட்டிக்கோ. ஃபோர்கிரவுண்டுக்குக் கலர் வேணும்" என்றார். வெளியே பல் கிட்டித்துப்போகும் குளிர். நானும் பேரம் பேசினேன்.

"கட்டிக்கறேன். ஆனா இன்னிக்கு ஒரு போட்டோ நான் எடுக்கணும். உங்க கேமராவுல."

சொத்தில் பாதியைக் கேட்டமாதிரி யோசித்தார். பிறகு, "சரி. கடைசி பிலிம் ரோல்ல கடைசி பிரேம் உனக்கு" என்றார்.

ரயிலிலும் படகிலும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த ஒரு பிரேமில் எதை எடுப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் மனதுக்குள் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவர் படகின் முனையில் நின்றுகொண்டு, வாசல் கண்ணில் படும் முன்பே பாதி ரோலைத் தீர்த்திருந்தார்.

தீவில் இறங்கியதும் மான்கள் சூழ்ந்துகொண்டன. சாதுவான மிருகம் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதில் ஒன்று, இவர் கேமராவுக்குள் கண்ணை நுழைத்திருந்த நேரத்தில், சட்டைப் பையிலிருந்த அந்த வரைபடத்தை நிதானமாக உருவித் தின்றுவிட்டது. குச்சியாக இருந்த என்னையும் சேர்த்துத்தான். காலையிலிருந்து எனக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது.

பிறகு மேப்பிள் பள்ளத்தாக்கு. ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி மரத்தடியில் நிறுத்தினார். "கொஞ்சம் லெஃப்ட். இன்னும் லெஃப்ட். சிரிக்காத, இலையைப் பாரு." எனக்குப் பின்னால் சிவப்பு, தலைக்கு மேலே சிவப்பு, காலுக்கடியில் சிவப்பு. நடுவில் சிவப்புப் புடவையில் நான். பின்னால் அந்தப் படங்கள் ஸ்லைடுகளாக வந்தபோது பார்த்தேன். கழுத்துக்கு மேல் ஒரு தலை மட்டும் மரத்தில் காய்த்திருந்தது. அளவு தெரியட்டும் என்று நிறுத்தியவளைக் காணவே காணோம்.

ஒரு ரோல் முடியும். நான் கையை நீட்டுவேன். "இது லாஸ்ட் ரோல் இல்லம்மா" என்று பையிலிருந்து இன்னொன்றை எடுப்பார். மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தின நாள் அறையில் கிளறிய புளியோதரையைச் சாப்பிடும்போதும் அதேதான். பை காலியாகுமா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ரோலை அவர் மாட்டியது, கடல் உள்வாங்கி, சிவப்பு வாசல் சேற்றுமணலில் வெறுங்காலோடு நின்ற சமயத்தில்.

தண்ணீர் வற்றிய நேரத்தில் அந்த வாசல்வரை நடந்தே போகலாம். ஜப்பானியர்கள் குடும்பம் குடும்பமாக, ரப்பர் பூட்ஸும் ஷூவுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் பாதிதூரம் போயிருப்போம். இவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"ஷூவைக் கழட்டு."

"எல்லாரும் போட்டுட்டுத்தானே போறாங்க?"

"அவங்க போகட்டும். இது அவங்க கோயிலோட ராஜகோபுரம் மாதிரி. நாம செருப்போட போக முடியுமா?"

வருடத்தில் இரண்டு முறை பக்கத்து ஊரான லிவர்மோரில் இருக்கும் நம் கோயிலுக்குப் போவதற்கே பார்க்கிங் கிடைக்காது என்று சாக்குச் சொல்லும் மனிதர். அந்நிய மண்ணில் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. அவர் போட்டிருந்தது மறுநாள் வாடிக்கையாளர்களோடு நடக்கவிருந்த மீட்டிங்குக்காக வாங்கிய புத்தம்புதுத் தோல் ஷூ. ஜப்பானில் ஆளை ஷூவை வைத்துத்தான் எடைபோடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, பழக வேண்டும் என்று முதல்நாளே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சும்மா கழற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்மூர்க் கோயில்களில் செருப்புத் திருடனுக்குப் பயந்து என்ன செய்வோமோ, அதையும் செய்தார். வலது ஷூவை ஒரு பாறைக்குப் பின்னால் வைத்தார். இடது ஷூவை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்துபோய் இன்னொரு கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒற்றை ஷூவை எவனும் எடுக்கமாட்டான் என்பது கணக்கு. ரயிலில் மறந்துவிட்ட குடையைத் தேடிவந்து கொடுக்கிற தேசத்தில் இந்த ஏற்பாடு. நான் என்னுடைய கேன்வாஸ் ஷூவைப் புளியோதரை கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வாசலருகில் போனதும் அவருக்கு உலகம் மறந்துபோயிற்று. தூணை எடுத்தார், தூணில் ஒட்டிய சிப்பியை எடுத்தார், சேற்றில் ஒதுங்கிக் கிடந்த ஒரு மேப்பிள் இலையை நிழலில் வைத்துக் குனிந்து குனிந்து எடுத்தார். மற்றவர்கள் கரைக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். என் பாதத்தைத் தண்ணீர் தொட்டது.

"என்னங்க, தண்ணி வருது."

"இரு."

கணுக்காலுக்கு வந்தது. "என்னங்க."

"ஒரு நிமிஷம் இருன்னா இருக்க மாட்டியா?"

அவர் நிமிர்ந்தபோது ஷூ வைத்த பாறையைச் சுற்றிக் கடல் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "என் ஷூ" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதேயில்லை. கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "பிடிச்சுக்கோ. எதையும் தொடாத. கரைக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

நான் கரையேறினேன். அங்கே வயதான ஜப்பானியர்கள் வரிசையாக முக்காலிகளை நட்டுக்கொண்டு, தண்ணீர் நிறைந்து சூரியன் சாய்வதற்காகக் காத்திருந்தார்கள். அத்தனை பேரின் படத்துக்குள்ளும் இவர் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ இந்தப் பக்கம் மிதந்தது, இன்னொன்று அந்தப் பக்கம் மிதந்தது. ஒன்றைத் துரத்தினால் மற்றது விலகிப் போயிற்று. திருடனைக் குழப்புவதற்காகப் போட்ட திட்டத்தில் குழம்பியவர் இவர் ஒருவர்தான். கரையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த மரியாதையைப் பார்த்து, சிரிப்பை அடக்கி எனக்குத்தான் அடிவயிறு வலித்தது.

குனிந்து கேமராவில் பிரேம் எண்ணைப் பார்த்தேன். ஒரு பிரேம் மிச்சம் இருந்தது. கடைசி ரோலில் கடைசி பிரேம். எனக்கென்று வாக்குக் கொடுத்தது.

இவர் நிழலில் கிடந்த இலைக்காக வைத்த அளவுகள் அப்படியே இருந்தன. அதில் அழுத்தினால் கடல் வெளுத்து வெள்ளைத்தாளாகிவிடும். வகுப்பில் அந்த அம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டு, தண்ணீரின் மினுக்கத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்தேன். பொன்னாகிவிட்ட கடல், நடுவில் அந்தப் பிரம்மாண்டமான வாசல், பின்னால் கருத்துவரும் மலை. வாசலின் இரண்டு தூண்களுக்கு நடுவே அவர் வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தார். ஒரு கையில் பிடிபட்ட ஷூ, மற்ற கை காற்றில், ஒரு கால் தண்ணீருக்கு மேலே. அழுத்தினேன். அந்த 'க்ளிக்' என் நெஞ்சுக்குள் கேட்டது. அமெரிக்கா வந்தபிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இடது ஷூ கிடைக்கவில்லை. அவர் கால் அளவுக்கு அந்தத் தீவில் எதுவும் கிடையாது. கடைத்தெருவில் விற்ற வைக்கோல் செருப்பை வாங்கி, குதிகால் பாதி வெளியே தொங்க, ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு படகேறினார்.

"கடைசி பிரேம் என்னாச்சு?" என்று படகில் கேட்டார்.

"எனக்குன்னு சொன்னீங்களே. எடுத்துட்டேன்."

"எதை?"

"வாசலை."

"ஹ்ம். ஓவர் எக்ஸ்போஸ் ஆகி வெளுத்திருக்கும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "இங்க பாரு, ஷூ போனதை ஊர்ல யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத" என்றார். மறுநாள் மீட்டிங்குக்கு அந்த வைக்கோல் செருப்போடுதான் போனார். மீட்டிங் நடந்த தலைமை அலுவலகத்தின் வாசலிலேயே எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கும் ஸ்லிப்பரைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஷூவை யாரும் பார்க்கவே இல்லை.

ஃப்ரீமாண்ட் திரும்பி, ஸ்லைடுகள் கழுவி வந்ததும், ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கொரு பதார்த்தமாகக் கொண்டுவரும் பாட்லக் வைத்து எல்லோரையும் அழைத்தார். சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு, எதிரே வாடகைக்கு எடுத்த ப்ரொஜெக்டர். ஸ்லைடுகளை வரிசைப்படுத்தித் தட்டில் அடுக்குவது சலிப்பான வேலை என்று என்னிடம் விட்டிருந்தார். நானும் ஒன்று விடாமல் அடுக்கினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வயிறு முட்டப் போட்டுவிட்டுப் பிறகு விளக்கை அணைப்பது. எழுந்து ஓட யாருக்கும் தெம்பு இருக்காது. இலை வந்தது. மான் வந்தது. வேறு இலை வந்தது. ஒவ்வொன்றுக்கும் லென்ஸ் என்ன, வேகம் என்ன என்று விளக்கம். தமிழ்ச் சங்கத்து மலரை வருடாவருடம் தொகுக்கும் அங்கிள் சோபாவில் குறட்டையே விட ஆரம்பித்திருந்தார். நான் ஒரு தலை மட்டுமாக மரத்தில் காய்த்திருந்த படத்தின்போது, அவர் மனைவி மட்டும், "பாவம், ஸ்வெட்டர் போட்டுக்கலையா?" என்று கேட்டார்.

அப்புறம் அந்தப் படம் வந்தது.

சுவர் முழுக்கக் கடல் தகதகவென்று இருந்தது. அங்கிள் விழித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குத் தாவப் பார்த்தார்.

"இருங்க தம்பி, இருங்க. அதை நகத்தாதீங்க" என்றார் அங்கிள். "இதுதான் போட்டோ. அந்த வாசல் எவ்ளோ பெருசுன்னு இப்பத்தான் தெரியுது. அந்த ஆளைப் போட்டது பிரமாதம்."

ஆன்ட்டி சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "யாரு, மீன் பிடிக்கறவரா? கையில மீனா அது?"

"ஷூ ஆன்ட்டி" என்றேன்.

ஆன்ட்டி இன்னும் உற்றுப்பார்த்துவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார். "அட, நீங்கதானே இது?"

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமா ஆன்ட்டி. அது வந்து, டைமர் வெச்சு எடுத்தது. ஃப்ரேம்ல ஒரு ஹ்யூமன் எலிமெண்ட் இருக்கட்டும்னு."

"டைமர் எவ்ளோ நேரம் குடுக்கும்?" என்று அங்கிள் கேட்டார்.

"பத்து செகண்ட்."

"பத்து செகண்டுக்குள்ள தண்ணியில அவ்ளோ தூரம் ஓடி, ஷூவைக் கழட்டி, ஒண்ணைத் தொலைச்சு, ஒண்ணைப் பிடிச்சும் இருக்கீங்க. நீங்க இஞ்சினியரா இருக்க வேண்டிய ஆளே இல்ல தம்பி."

வீடே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை இவர் ப்ரொஜெக்டரின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு வேறு வழியில்லாமல், என்னைப் பார்க்காமல், "இவ எடுத்தது" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தைகளோடு அவர் நிறுத்தியிருந்தால் அந்தப் பெட்டி நிறையப் படங்களையும் அன்றே மன்னித்திருப்பேன்.

"ஆனா எக்ஸ்போஷர் நான்தான் செட் பண்ணி வெச்சிருந்தேன்" என்றார்.

"இல்லைங்க" என்றேன். "நீங்க இலைக்கு வெச்சிருந்தீங்க. அதுல எடுத்திருந்தா கடலே வந்திருக்காது. நான் மாத்தினேன்."

சித்திரைப் புத்தாண்டு மலருக்கு அட்டைப்படம் இதுதான் என்று அங்கிள் அங்கேயே அறிவித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் பாயசம் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரலில் மலர் வந்தது. அட்டை முழுக்க என் கடல். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அட்டைப் புகைப்படம்' என்று போட்டு, 'திருமதி' என்று போட்டு, அதற்கப்புறம் என் கணவரின் பெயரை இனிஷியலோடு போட்டிருந்தார்கள். எனக்கென்று கிடைத்தது அந்தத் திருமதி மட்டும்தான். அங்கிளுக்கு போன் செய்தேன். "மரியாதையா இருக்கட்டும்னுதாம்மா அப்படிப் போட்டேன். உன் பேரைப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். நான்கு வருடங்களாக அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மாறிமாறிச் சாப்பிட்டிருக்கிறோம். போனை வைத்துவிட்டு ஆத்திரத்தில் அழுதேன்.

இவருக்கோ தலைகால் புரியவில்லை. அவர் பெயர் அச்சில் வந்துவிட்டதே. ஊருக்கு ஒரு கட்டு மலர் அனுப்பினார். கூடவே, நல்ல படம் அமைய வேண்டுமென்று கடலுக்குள்ளேயே இறங்கி நின்றதாக ஒரு கடிதம். அந்த வாரமே மாமியார் போன் செய்து, தன் பிள்ளை எதிலும் இப்படித்தான், பாதியில் விடமாட்டான் என்று எனக்கு எடுத்துச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை யோசெமிட்டி அருவிகளைப் பார்க்கப் போவதாக இருந்தோம். காலையில் அலமாரியைத் திறந்து, தலையணை மேலிருந்த கேமராவை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"ஏய், என்ன பண்ற?" என்றார்.

"இன்னிக்கு எல்லா ரோலும் எனக்கு. இல்லைன்னா ஷூ கதையை உங்க அம்மாவுக்கு முழுசா எழுதிடுவேன்."

வழியெல்லாம் என் கழுத்திலிருந்த கேமராவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே காரை ஓட்டினார். பனி உருகி அருவி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நான் வசதியான இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, எதிரே தூரத்தில் தெரிந்த பாறையைக் காட்டி, அங்கே போய் நிற்கச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார்.

"அளவு தெரிய வேண்டாமா?"

முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார். கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னேன், நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன், அதற்கும் நகர்ந்தார். பாறை வழுக்கும், ஷூவைக் கழற்றிவிடுங்கள் என்று கத்தினேன். அதை மட்டும் கழற்றவில்லை.